ரவுட்டரில் வைத்த விளம்பரத் தடுப்பான் ஏன் முரண்டு பிடிக்கிறது?

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் முதலில் போய் நிற்கும் இடம் டீக்கடை. “கணக்குப்பிள்ளை வீடு எங்கே?” என்று கேட்டால், டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்தாமலே, “கோயிலைத் தாண்டி இடப்பக்கம் மூன்றாவது வீடு” என்பார். உங்கள் வீட்டுக் கைப்பேசியும் டிவியும் மடிக்கணினியும் நாள் முழுக்க இதையேதான் செய்துகொண்டிருக்கின்றன. ஓர் இணையதளத்தின் பெயர் அவற்றுக்குத் தெரியும். அது இருக்கும் இடம், அதாவது எண்களால் ஆன ஐபி முகவரி, தெரியாது. பெயரைச் சொல்லி முகவரியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். பெரும்பாலான வீடுகளில் அந்த டீக்கடை ரவுட்டருக்குள் இருக்கிறது.

ரவுட்டரில் விளம்பரத் தடுப்பான் போடுவது என்றால், டீக்கடைக்காரரிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, “இந்தப் பெயர்களை யார் கேட்டு வந்தாலும், அப்படி ஒருவரும் இந்த ஊரில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்” என்று கேட்டுக்கொள்வது. அவ்வளவுதான். பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று தடுப்பான் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் இன்றைய இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி ஒட்டிய உறைக்குள்தான், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டுத்தான், போகிறது. ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது கைப்பேசி செய்தியின் முகவரியைக் கேட்கும், படங்களின் முகவரியைக் கேட்கும், கூடவே டபிள்கிளிக் டாட் நெட்டின் முகவரியையும் கேட்கும். டபிள்கிளிக் என்பது 2008இல் கூகுள் வாங்கிய விளம்பர நிறுவனம். முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்கிறது. மூன்றாவதுக்குக் கையை விரித்துவிடுகிறார். விளம்பரம் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

தந்திரம் பழையது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைப்பதற்கு முன், வலைப்பின்னலில் இருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அதை அவரவர் நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் எச்சமாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பு இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது. விளம்பரக்காரர்களின் பெயருக்கு எதிரே பொய் முகவரி எழுதி அதில் சேர்த்துவிட்டால் தொல்லை ஒழிகிறது என்பதைப் பலர் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு கணினியாகச் செய்ததை வீட்டுக்கே பொதுவாக ஓரிடத்தில் செய்வதுதான் இப்போதைய வழி.

என் வீட்டில் ஒரு பழைய ரவுட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, அதில் ‘ஆட்பிளாக்’ என்ற துணைத் தொகுப்பைப் போட்டிருக்கிறேன். அங்கே பதில் சொல்லும் ஆளின் பெயர் டிஎன்எஸ்மாஸ்க். சைமன் கெல்லி என்பவர் எழுதிய சின்னஞ்சிறு நிரல். சிலர் ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியில் பை-ஹோல் என்ற தடுப்பானை வைத்திருப்பார்கள். சிலர் அட்கார்ட் ஹோம் வைத்திருப்பார்கள். கடையின் பெயர்ப்பலகைதான் வேறு. அதனால் கோளாறு வரும்போது கேட்கவேண்டிய கேள்விகளும் எல்லாவற்றுக்கும் பொது, இரண்டே இரண்டு: கைப்பேசி வழி கேட்டது நம் டீக்கடையில்தானா? கேட்டதற்கு என்ன பதில் வந்தது? இந்த இரண்டையும் பார்க்காமல் ரவுட்டரை அணைத்துப் போடுவதும், பட்டியலுக்கு மேல் பட்டியல் சேர்ப்பதும், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதும் வீண் வேலை. நான் மூன்றையும் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு சோதனை

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறங்கள். என்எஸ்லுக்அப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டபிள்கிளிக் டாட் நெட் என்ற பெயரைத் தட்டுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். திரையில் சில வரிகள் வரும். மேலே இருப்பது யார் பதில் சொன்னார் என்பது. கீழே இருப்பது என்ன சொன்னார் என்பது. நம்முடைய இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே திரையில்.

மேலே உங்கள் ரவுட்டரின் முகவரி இருக்க வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1. தனிப் பெட்டியில் பை-ஹோல் வைத்திருந்தால் அந்தப் பெட்டியின் முகவரி. கீழே 0.0.0.0 என்றோ, அப்படி ஒரு டொமைனே, அதாவது தளப் பெயரே, இல்லை என்றோ வந்தால் தடுப்பான் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். பை-ஹோல் வழக்கமாக 0.0.0.0 என்று சொல்லும். ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஆட்பிளாக் ‘ஆளே இல்லை’ என்று சொல்லும். முதலாவது இல்லாத தெருவுக்கு அனுப்புவது, இரண்டாவது வாசலிலேயே மறுப்பது. விளைவு ஒன்றுதான்.

மேலே ரவுட்டர் இருந்தும் கீழே உண்மையான முகவரி வந்தால், கடைக்காரர் சரியானவர்தான், அவர் கையில் பட்டியல் இல்லை. பட்டியல் இறங்கவில்லை, அல்லது இறங்கிய பட்டியலை அவரால் படிக்க முடியவில்லை. உலாவிக்கென்று எழுதப்பட்ட ஈஸிலிஸ்ட் போன்ற பட்டியல்களில் பக்கத்தின் எந்தப் பகுதியை மறைக்கவேண்டும் என்றெல்லாம் குறிகள் இருக்கும். வெறும் பெயர்ப் பட்டியலை எதிர்பார்க்கும் தடுப்பானுக்கு அவை புரியாது. டிஎன்எஸ்ஸுக்கான வடிவத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மேலேயே வேறு முகவரி இருந்தால்? அங்கேதான் பாதிக் கோளாறுகள் இருக்கின்றன.

வேறு கடையில் கேட்கிறார்கள்

என் சித்தப்பா வீட்டில் ரவுட்டரைப் பொருத்திக் கொடுத்த மறுநாள் அவரிடமிருந்து அழைப்பு. “தம்பி, எல்லாருக்கும் விளம்பரம் நின்றுவிட்டது. என் போனில் மட்டும் வருகிறது. என் போனுக்கு என்ன பாவம்?” என்றார். இரண்டு நாள் கழித்து நேரில் போய்த்தான் பார்க்க முடிந்தது. இணைய இணைப்புக் கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி பரண்மேல் இருந்தது. அதன் வைஃபையை நான் அணைக்கவில்லை. சித்தப்பா படுக்கும் அறைக்கு அதுதான் பக்கம். அவருடைய போன் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்துக்கொண்டு, பழைய பெட்டியோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நிறுவிய ரவுட்டர் பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது இதுதான்: கருவி எந்த வைஃபையில் இருக்கிறது? மொபைல் டேட்டாவில் ஓடுகிறதா? போக்குவரத்தை வேறு வழியில் சுற்றி அனுப்பும் விபிஎன் போட்டிருக்கிறதா? இவை மூன்றும் ரவுட்டரைத் தொடாமலே கண்டுபிடிக்கக் கூடியவை. வெள்ளைப் பெட்டியின் வைஃபையை அணைத்ததும் சித்தப்பாவின் பாவம் தீர்ந்தது.

இரண்டாவது தவறு, கிட்டத்தட்ட எல்லாரும் ஒருமுறையாவது செய்வது. ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், முதலாவது, இரண்டாவது. முதலாவதில் தடுப்பானின் முகவரியைப் போட்டுவிட்டு, ‘ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும்’ என்று இரண்டாவதில் 8.8.8.8 என்ற கூகுளின் முகவரியைப் போடுவார்கள். முன்யோசனைதான், ஆனால் தடுப்பானை ஓட்டையாக்கும் முன்யோசனை. இரண்டாவது என்பது முதலாவது கடை மூடியிருந்தால் மட்டும் போகவேண்டிய கடை என்று எந்தச் சட்டமும் இல்லை. சில கருவிகள் இரண்டிலும் மாறி மாறிக் கேட்கும். சில யார் முந்திச் சொல்கிறாரோ அவரை எடுத்துக்கொள்ளும். எதிர்க்கடைக்காரரிடம் நம் பட்டியல் கிடையாது. ஒரே பக்கத்தில் காலையில் விளம்பரம் இல்லை, மாலையில் இருக்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்த இரண்டாவது கட்டத்தின் மேல் விழ வேண்டும். அதை வெறுமையாக விடுங்கள். இல்லையென்றால் அங்கேயும் இன்னொரு தடுப்பானின் முகவரியைப் போடுங்கள்.

இதில் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற சொல் இரண்டு இடங்களில் வரும். இணையப் பக்கம் இருப்பது, டீக்கடைக்காரர் தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்டுக்கொள்வார் என்பது. வீட்டுப் பக்கம், டிஎச்சிபி (கருவிகளுக்கு வீட்டு முகவரி கொடுக்கும் ஏற்பாடு) என்ற தலைப்பின்கீழ் இருப்பது, வீட்டுக் கருவிகள் எந்தக் கடையில் கேட்கவேண்டும் என்பது. தடுப்பான் ரவுட்டரிலேயே இருந்தால் முதலாவதில் 8.8.8.8 இருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. இரண்டாவதில்தான் இருக்கக் கூடாது. அமைப்பை மாற்றிய பிறகு கருவிகளின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். டிஎச்சிபி கொடுத்த பழைய முகவரிச் சீட்டு பல மணிநேரம் செல்லும். ஓப்பன்-டபிள்யூஆர்டியில் வழக்கமான தவணை 12 மணிநேரம். அதுவரை கருவி பழைய கடைக்கே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது, வேண்டுமென்றே நம் கடையைத் தாண்டிப் போகிறவை. ஆண்ட்ராய்டு 9 முதல் கைப்பேசி அமைப்பில் ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது தானியங்கி நிலையில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நம் ரவுட்டரோடு ரகசியமாகப் பேச முயன்று பார்த்துவிட்டு, முடியாவிட்டால் சாதாரணமாகக் கேட்கும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதி வைத்திருந்தால் நேரே அங்கே போய்விடும். உலாவிகளிலும் இதே வசதி உண்டு. 2018இல் தரப்படுத்தப்பட்ட முறைப்படி, முகவரி கேட்கும் கேள்வியையே சாதாரண இணையப் போக்குவரத்தைப் போல உறையிலிட்டு வெளியே அனுப்பிவிடும். டீக்கடை வாசலில் நின்றுகொண்டே வெளியூரில் இருக்கிறவருக்குப் போன் போட்டு வழி கேட்பது மாதிரி. என்எஸ்லுக்அப் சோதனையில் எல்லாம் சரியாக இருந்து, உலாவியில் மட்டும் விளம்பரம் வந்தால் காரணம் அநேகமாக இதுதான். உலாவி அமைப்பில் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்பதை அணைத்துப் பாருங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐகிளவுடுக்குக் கட்டணம் செலுத்துகிறவர்களாக இருந்தால் ‘பிரைவேட் ரிலே’ இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது சஃபாரியின் கேள்விகளை வேறு வழியில் கொண்டுபோய்விடும். ரகசியத்தைக் காக்க வந்த இந்த வசதிகளை விளம்பரத்துக்காக அணைப்பதா என்று கேட்டால், நியாயமான கேள்வி. என் வீட்டில் அணைத்திருக்கிறேன். ஆனால் ரவுட்டரிலிருந்து வெளியே போகும் கேள்விகளை உறையிலிட்டு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த ஏற்பாடு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பின்னால் வரும்.

சில டிவிகளும் அவற்றில் செருகும் சிறு கருவிகளும் யார் சொல்லையும் கேட்பதில்லை, 8.8.8.8இல்தான் கேட்கவேண்டும் என்று உள்ளேயே எழுதி அனுப்பப்பட்டவை. சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் 53ஆம் எண் வாசல் வழியாகப் போகின்றன. அந்த வாசலில் யாருக்குப் போகும் கேள்வியையும் மடக்கி நம் கடைக்காரரிடம் திருப்பிவிட, ரவுட்டரின் காவலாளியான ஃபயர்வாலில் ஒரு விதி எழுதினால் போதும். ஆட்பிளாக்கில் அதற்கு ஆயத்தமாகவே ஒரு பொத்தான் இருக்கிறது. கேள்வி கேட்ட டிவி பதில் கூகுளிடமிருந்து வந்ததாகவே நினைத்துக்கொள்ளும்.

ஐபி முகவரியின் புதிய முறையான ஐபிவி6 பற்றியும் சொல்லவேண்டும். பழைய முறை முகவரியில் தடுப்பானைக் காட்டிவிட்டு, புதிய முறையை மறந்துவிடுகிறோம். தடுப்பான் ரவுட்டரிலேயே இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. தனிப் பெட்டியில் இருந்தால், ரவுட்டர் ஐபிவி6 வழியே வேறு டிஎன்எஸ்ஸை வீடு முழுக்க அறிவித்துக்கொண்டிருக்கும். கருவிகளும் அதை நம்பிப் போகும். என்எஸ்லுக்அப்பின் மேல் வரியில் எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட முகவரி வந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பெட்டிதான், அநேகமாக உங்கள் ரவுட்டரே. வேறு எப்படித் தொடங்கினாலும் யாருடையது என்று விசாரியுங்கள்.

ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள்

கேள்வி நம் கடைக்கே வந்தது, சரியான பதிலும் போனது, இருந்தும் விளம்பரம் வருகிறது என்றால் அது அநேகமாக யூடியூபாக இருக்கும். நீங்கள் பார்க்க விரும்பும் காணொளியும் அதற்கு முன் வரும் விளம்பரமும் ஒரே சர்வர் கூட்டத்திலிருந்து, ஒரே டொமைனிலிருந்து வருகின்றன. நல்லவரும் தொல்லைக்காரரும் ஒரே வீட்டில் இருக்கும்போது வீட்டு வழியைச் சொல்லாமல் இருந்தால் இருவரையும் பார்க்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இடையிடையே வரும் கட்டணப் பதிவுகளும் இப்படித்தான். எந்தப் பட்டியலைச் சேர்த்தாலும் பயன் இல்லை. கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்வதுதான் வழி. அது பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கும் ஆள். டிவியில் வரும் யூடியூப் விளம்பரத்தை ரவுட்டரில் நிறுத்துவதாகச் சொல்கிறவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இருக்கிறவரையும் இல்லை என்று சொன்னால்

தடுக்கத் தவறுவதைவிடத் தடுக்கக் கூடாததைத் தடுப்பது வீட்டில் அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தரும். அம்மா ஒருநாள் மிக்ஸி ஜாருக்கு மூடி தேடினார். கூகுளில் முதலில் வந்ததை அழுத்தினார், பக்கம் திறக்கவில்லை. இரண்டாவதையும் அழுத்தினார், திறக்கவில்லை. “இணையம் போய்விட்டது, நீ எதையோ நோண்டியிருக்கிறாய்” என்று தீர்ப்பு வந்தது. நோண்டியது உண்மைதான். தேடலில் மேலே வரும் கட்டண முடிவுகளை அழுத்தினால், கடையின் பக்கத்துக்கு நேராகப் போகாமல் கூகுள் ஆட்சர்வீசஸ் என்ற கணக்கெடுக்கும் முகவரியைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்த முகவரி கிட்டத்தட்ட எல்லாத் தடுப்புப் பட்டியலிலும் இருக்கிறது. “கீழே இருப்பதை அழுத்துங்கள், அதுதான் விளம்பரம் இல்லாதது” என்றேன். “அப்படியென்றால் அதை ஏன் கீழே வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் திறக்காமல் போவதற்கும் காரணம் இதுவே. யார் அழுத்தினார்கள் என்று எண்ணும் இடைத்தரகர் ஒருவர் நடுவில் இருப்பார். அவரைத் தடுத்தால் இணைப்பே அறுந்துவிடும். இன்னொரு வகை, கைப்பேசியில் ‘வைஃபை உண்டு, இணையம் இல்லை’ என்ற செய்தி. ஆண்ட்ராய்டு, ஆப்பிள், விண்டோஸ் மூன்றும் இணையம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தொட்டுப் பார்க்கும். ஆர்வக்கோளாறில் சேர்த்த கடுமையான பட்டியல் ஏதாவது அந்த முகவரியையும் விழுங்கியிருந்தால், இணையம் நன்றாக இருக்கும்போதே கைப்பேசி இல்லை என்று சாதிக்கும்.

எந்தப் பெயரால் வந்த வினை என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். தடுப்பானை ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். எல்லாத் தடுப்பானிலும் அதற்கு வசதி உண்டு. அப்போதும் தகராறு செய்த செயலி வேலை செய்யவில்லை என்றால் குற்றவாளி தடுப்பான் இல்லை. அதை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேடலாம். வேலை செய்தால், தடுப்பானை மறுபடி இயக்கி, கேள்விப் பதிவேட்டைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, செயலியை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். அந்த நொடியில் அந்தக் கருவியிலிருந்து வந்த கேள்விகளில் மறுக்கப்பட்டவை இரண்டோ மூன்றோ இருக்கும். ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எது தேவைப்பட்டது என்று கடைசிவரை தெரியாது.

சேர்த்த பிறகும் உடனே வேலை செய்யாது. இங்கேதான் பலர் சரியாகச் செய்ததைத் தவறென்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ஒருமுறை ‘இல்லை’ என்று கேட்ட கருவி அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், மறுபடி வந்து கேட்காது. கைப்பேசியில் விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் மறந்துவிடும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுக்குப் பின் ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று சேர்த்தால் நினைவு துடைக்கப்படும். உலாவிக்கு அதற்கென்று தனி நினைவு உண்டு. மூடித் திறப்பது நல்லது.

பட்டியல் விஷயத்தில் என் கட்சி சிக்கனம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பத்துப் பட்டியல்களைச் சேர்த்துப் பல லட்சம் பெயர்களைத் தடுத்துவிட்டதாகப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த லட்சங்களில் பெரும்பாலானவற்றை உங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. ஆனால் அத்தனையும் ரவுட்டரின் நினைவகத்தில் இடம் பிடிக்கும். 64 எம்பி நினைவகம் கொண்ட பழைய ரவுட்டரில் பெரிய பட்டியலை ஏற்றினால், ஒரு கட்டத்தில் இடம் போதாமல் ரவுட்டரே டிஎன்எஸ்மாஸ்க்கைக் கொன்றுவிடும். கடை மூடிவிட்டது. அப்போது வீட்டில் இணையம் முழுதாக நின்றது போலத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே தொடர்பில் இருந்த வாட்ஸ்அப்பில் மட்டும் செய்தி வந்துகொண்டிருக்கும். அந்த விசித்திரமே அடையாளம். கட்டளைச் சாளரத்தில் பிங் என்று தட்டி 8.8.8.8 என்று சேர்த்துப் பாருங்கள். பதில் வந்தால் சாலை திறந்திருக்கிறது, வழி சொல்ல ஆள்தான் இல்லை.

மின்சாரம் போய் வந்த பிறகு

கடை மூடிக் கிடப்பதற்கு நான் கண்ட காரணங்களில் மிக விநோதமானது, கடைக்காரருக்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியாமல் போவது.

மின்வெட்டுக்குப் பிறகு விளம்பரங்கள் கொஞ்ச நேரம் தலைகாட்டினால் பதற வேண்டாம். ஓப்பன்-டபிள்யூஆர்டியில் பட்டியல் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. மின்சாரம் போனால் அழிந்துவிடும், இணையம் வந்ததும் மறுபடி இறக்கிக்கொள்ளும். இணைப்பு எழுந்து நிற்பதற்கு முன்பே இறக்க முயன்றால் வெறுங்கையோடு திரும்பும். ஆட்பிளாக் அமைப்பில், இணைய இணைப்பு வந்த பிறகே தொடங்கு, அதன்பின்னும் சில விநாடி பொறு என்று சொல்லி வைக்கலாம். பட்டியலின் நகலை ஒரு பென் டிரைவில் சேமிக்கவும் வழி உண்டு. இது சில்லறைத் தொல்லை.

தேதித் தொல்லை அப்படிப்பட்டதில்லை. வெளியே போகும் கேள்விகளை உறையிலிட்டு அனுப்ப ஏற்பாடு செய்ததாகச் சொன்னேன் அல்லவா? அதன் பிறகு வந்த ஒரு நீண்ட மின்வெட்டு முடிந்து, விளக்கு எரிந்தது, ரவுட்டரும் எழுந்தது, எந்தத் தளமும் திறக்கவில்லை. பிங் போகிறது. பெயர் சொன்னால் பதில் இல்லை. ஒரு மணிநேரம் தடுப்புப் பட்டியலைச் சந்தேகித்தேன். தடுப்பானை முழுதாக நிறுத்தியும் பார்த்தேன், மாற்றம் இல்லை. கடைசியில் ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தபோது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த தேதி கண்ணில் பட்டது. பல மாதங்களுக்கு முந்தைய தேதி.

பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்தை ஓட்டி வைத்திருக்கும் சிறு பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். திரும்ப எழும்போது, தன்னிடம் இருக்கும் அமைப்புக் கோப்புகளில் கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அதன் தேதியை இன்றைய தேதியாக எடுத்துக்கொண்டு ஓப்பன்-டபிள்யூஆர்டி வேலையைத் தொடங்கும்; அப்புறம் இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். நான் பல மாதமாக எதையும் திருத்தவில்லை. உறையிட்ட டிஎன்எஸ், எதிர்முனையில் இருப்பவரின் சான்றிதழைப் பார்த்துத்தான் பேசும். சான்றிதழுக்கு இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று கெடு உண்டு. ரவுட்டரின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே செல்லாது, பேச மாட்டேன் என்றது. நேரத்தைச் சரிசெய்யலாம் என்றால் நேர சர்வரின் பெயருக்கு முகவரி வேண்டும். முகவரி வேண்டுமென்றால் டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் வேண்டுமென்றால் நேரம் சரியாக இருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதையேதான். பதிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் வசதியைப் போட்டிருப்பவர்களுக்கும் இதே முடிச்சு விழலாம். கையொப்பத்துக்கும் கெடு உண்டு. ராஸ்பெரி பையின் பழைய மாதிரிகளிலும் கடிகார பேட்டரிக்கு இடமே இல்லை.

முடிச்சை அவிழ்ப்பது எளிது, எங்கே விழுந்தது என்று தெரிந்தால். நேர சர்வரின் பெயரை மட்டும் உறையில்லாத சாதாரண டிஎன்எஸ்ஸிடம் கேட்டுக்கொள் என்று டிஎன்எஸ்மாஸ்க்குக்கு ஒரு வரி எழுதலாம். அல்லது நேர சர்வரைப் பெயரால் குறிக்காமல் ஐபி எண்ணாலேயே குறித்துவிடலாம். ஆனால் அந்த எண் ஒருநாள் மாறினால் மறுபடி முழிக்க வேண்டும். நான் முதல் வழியை எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை வரியைச் சேர்த்துவிட்டு, சோதித்துப் பார்க்க இன்னொரு மின்வெட்டுக்காகக் காத்திருந்தேன்.

அதிக நாள் காக்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் திரும்பியதும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பழைய தேதியில் நாற்பது வரி. அப்புறம் நேரம் சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி, இன்றைய தேதியில். அதற்கடுத்த வரியிலேயே கூடத்து டிவி வந்து, டபிள்கிளிக்கின் வீடு எங்கே என்று கேட்டு நின்றிருந்தது.